வீட்டுக்குள் துணி காயவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஐந்து கிலோ பருத்தித் துணியைத் துவைத்து, மெஷினில் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் ஸ்பின் செய்து எடுத்தால், தொட்டுப் பார்க்கும்போது பாதி காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் அதற்குள் இன்னும் மூன்றரை முதல் நான்கு லிட்டர் தண்ணீர் இருக்கிறது. இப்போது அறையைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 28 கன மீட்டர் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் ஏந்தும். காற்றில் ஈரப்பதம் ஏற்கெனவே 70 சதவீதம் என்றால், மிச்சம் இருக்கும் இடம் கன மீட்டருக்கு 9 கிராம். அறை மொத்தத்துக்கும் சேர்த்தால் கால் லிட்டர்.

நான்கு லிட்டர் தண்ணீரைக் கால் லிட்டர் குவளையில் ஊற்றப் பார்க்கிறோம், அவ்வளவுதான் விஷயம். கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு, காலையில் வந்து “இன்னும் காயலையே” என்றால் அது எப்படிக் காயும்? அந்த அறையின் காற்று குறைந்தது பதினைந்து பதினாறு முறையாவது மாறியாக வேண்டும்.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, “தண்ணீர் எங்கே போகிறது?” என்பதுதான். அது போவதற்கு மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. பிழியும்போதே சாக்கடைக்குப் போகலாம். ஈரக் காற்றாக ஜன்னல் வழியே வெளியேறலாம். இல்லையென்றால் ஏசியோ டிஹியூமிடிஃபையரோ அதைப் பிடித்து மறுபடி தண்ணீராக்கிக் குழாயிலோ தொட்டியிலோ விடலாம். இந்த மூன்றும் இல்லையென்றால் நாலாவது வழி உங்கள் சுவர்.

ராத்திரி போட்டது, காலையிலும் ஈரமாகவே இருக்கிறது

உடனே ஃபேனை வேகமாக வைக்காதீர்கள். துணியைத் தொட்டுப் பாருங்கள். காயப்போட்டு அரை மணி நேரம் ஆன சட்டையின் கீழ் ஓர மடிப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். தண்ணீர் துளியாக எட்டிப்பார்த்தால் கோளாறு பிழிவதில் இருக்கிறது. துளி வராமல் சட்டை முழுக்க ஒரே சீராக ஈரமாக இருந்தால் கோளாறு காற்றில். ஒரு பக்கம் காய்ந்து, பக்கத்துத் துணியோடு ஒட்டிய பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் இடைவெளி போதவில்லை.

பிழிவதில் கோளாறு என்றால் சந்தோஷப்படுங்கள், இதைத் தீர்ப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஸ்பின் 800 சுற்றில் முடிந்த பருத்தித் துணியில், துணியின் காய்ந்த எடையில் 70 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர் தங்கும். 1200 சுற்று என்றால் 60 சதவீதத்தை ஒட்டி. 1400 என்றால் கிட்டத்தட்ட பாதி. ஐந்து கிலோ துணிக்கு 800-க்கும் 1400-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு லிட்டருக்கு மேல். அந்த ஒரு லிட்டரை ஆவியாக்க எப்படிப் பார்த்தாலும் 0.7 யூனிட் அளவு வெப்பம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஸ்பின் அதே வேலையை அதில் மிகச் சின்னப் பங்கு மின்சாரத்தில் முடித்துவிடுகிறது. உங்கள் மெஷினில் வேகத்தைக் கூட்ட முடியாது என்றால், துவைத்து முடிந்ததும் ‘ஸ்பின் மட்டும்’ வைத்து இன்னொரு முறை ஓட விடுங்கள். முதல் சுற்றில் டிரம்மோடு ஒட்டிக்கொண்ட துணிகளைக் கையால் ஒருமுறை உதறிக் கலைத்துப் போட்டால் இரண்டாவது சுற்றில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கழலும்.

ஒரே ஒரு கனமான போர்வையைத் தனியாகப் போட்டால் ஸ்பின் சரியாக வராது. எடை ஒரு பக்கமாகச் சாய்வதால் பல மெஷின்கள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட இரண்டு துண்டுகளைப் போட்டால் சமன் ஆகும். அப்புறம், இரட்டைத் தொட்டி மெஷினில் சுழன்று பிழியும் தொட்டியை ‘டிரையர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது காயவைப்பதில்லை, பிழிகிறது. “டிரையரில் போட்டும் காயவில்லை” என்று மெஷின் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை.

கையால் துவைப்பவர்களுக்கு வேறு வழி. காய்ந்த பெரிய துண்டை விரித்து, அதன் மேல் ஈரச் சட்டையைப் பரப்பி, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, இரு முனையையும் பிடித்து முறுக்குங்கள். முறுக்க வலுவில்லையென்றால் சுருளைக் கீழே வைத்து மேலே ஏறி நில்லுங்கள். துண்டு ஈரமாகிவிடும்தான். ஆனால் துண்டு ஒன்று, சட்டை நான்கு. கனத்த துணிகளை முதலில் குளியலறையில் அரை மணி தொங்கவிட்டு, கீழே இறங்கி நிற்கும் தண்ணீரை ஓரத்தில் பிழிந்துவிட்டு, அதன் பிறகு அறைக்குக் கொண்டுவாருங்கள். புவியீர்ப்பு இலவசமாகச் செய்யும் வேலையை ஃபேனிடம் கொடுக்க வேண்டாம்.

காற்றில்தான் கோளாறு என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: துணிமேல் காற்று படுகிறதா, அந்தக் காற்று வெளியே போகிறதா.

ஈரத் துணியைச் சுற்றி எப்போதும் ஒரு மெல்லிய ஈரக் காற்றுப் படலம் ஒட்டியிருக்கும். அது விலகினால்தான் அடுத்த துளி ஆவியாகும். சீலிங் ஃபேன் மேலிருந்து வீசுவது, வரிசையாகத் தொங்கும் துணிகளின் தோள்பட்டையில் மோதிச் சிதறிவிடுகிறது. கீழ்ப்பாதிக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை, தண்ணீரோ கீழ்ப்பாதியில்தான் இறங்கி நிற்கிறது. டேபிள் ஃபேனைத் தாழ்வாக வைத்து, துணி வரிசைகளுக்கு இடையில் நீளவாக்கில் காற்று ஓடும்படி திருப்புங்கள். கடைசித் துணியின் கீழ் ஓரம் லேசாக ஆடினால் போதும். ஆடவில்லையென்றால் அங்கே காற்று போகவில்லை. ஃபேனின் வயரும் பிளக்கும் தண்ணீர் சொட்டும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி. அதற்கு இடம் இல்லையென்றால் துணி அதிகம், அவ்வளவுதான். கொடியில் நீளத் துணி, குட்டைத் துணி என்று மாற்றி மாற்றிப் போட்டால் அதே நீளத்தில் காற்றுக்குக் கூடுதல் சந்து கிடைக்கும். போர்வையைக் கொடியில் நட்டநடுவாக மடித்துப் போடாதீர்கள், உள்பக்கம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை சாண் தள்ளி இரண்டு கொடி கட்டி, இரண்டின் மேலும் பாலம் மாதிரி விரித்தால் உள்ளேயும் காற்று புகும்.

ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா? எல்லோரும் மாற்றி மாற்றிச் சொல்லும் இடம் இது. வெளியே குளிராக இருந்தால், மழை தூறினாலும் திறக்கலாம். 5 டிகிரி குளிரில் 90 சதவீத ஈரப்பதம் என்றாலும் அந்தக் காற்றில் இருப்பது கன மீட்டருக்கு 6 கிராம் நீராவிதான். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 35 சதவீதமாக இறங்கிவிடும். துணிக்கு அது அமுதம். வெளியே வெக்கையும் மழையுமாக, 28 டிகிரியில் 95 சதவீதம் என்றால் கதை வேறு. அந்தக் காற்றில் ஏற்கெனவே கன மீட்டருக்கு 26 கிராம் இருக்கிறது, இன்னும் ஒன்றரை கிராமுக்கு மேல் இடமில்லை. அப்போதும் முழுக்கச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பது நூறு சதவீதத்தைத் தொட்டு அப்படியே நின்றுவிடும். அந்த மாதிரி நாளில் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, ஃபேனை விடாமல் ஓடவிட்டு, துணியின் அளவைப் பாதியாகக் குறைப்பதுதான் நடக்கிற காரியம். ஏசி இருந்தால் நேர்மாறு: ஜன்னலைச் சாத்திவிட வேண்டும், இல்லையென்றால் ஊர்க் காற்றின் ஈரத்தையெல்லாம் உங்கள் ஏசி பிழிந்துகொண்டிருக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள குளியலறை இருந்தால் அதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பேன். தரையை வழித்துத் துடைத்துவிட்டு, துணியைத் தொங்கவிட்டு, கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து வைத்து எக்ஸாஸ்டைப் போடுங்கள். வீட்டுக் காற்று அந்தச் சந்து வழியாக நுழைந்து, துணியைக் கடந்து, வெளியே போகும். கதவை இறுக்கிச் சாத்தினால் எக்ஸாஸ்ட் வெறுமனே சத்தம்தான் போடும், உள்ளே வரக் காற்று இல்லாமல் வெளியே எதைத் தள்ளுவது?

எல்லாம் காய்ந்துவிட்டது, இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் மட்டும் ஈரம்

துணி இரண்டு மூன்று அடுக்காக இருக்கும் இடம் கடைசியில்தான் காயும். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நான்கு பாக்கெட்டுகளையும் நாக்கு மாதிரி வெளியே இழுத்துவிட்டு, இடுப்பை மேலே வைத்து நான்கு கிளிப் போட்டு வாயைத் திறந்த பை மாதிரித் தொங்கவிடுங்கள். கால்வழியாகக் காற்று ஏறி இடுப்பு வழியாகப் போகும். ஹூடி எனப்படும் தலைமூடி வைத்த பனியனில் தலைமூடி முதுகில் படிந்து கிடப்பதுதான் தொல்லை. தலைமூடியைத் தனி ஹேங்கரில் தூக்கி மாட்டினால் முதுகும் காயும், தலைமூடியும் காயும். சாக்ஸைக் கால்விரல் பக்கம் கிளிப் போட்டு, வாய் கீழே பார்க்கத் தொங்கவிடலாம்.

காய்ந்ததா என்று கையால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். தடித்த மடிப்பை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை மடித்து அலமாரியில் வைத்தால் பக்கத்துத் துணியையும் சேர்த்துக் கெடுக்கும்.

காய்ந்தது, ஆனால் ஈர வாடை அடிக்கிறது

இது ஈரத்தின் வாடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீருக்கு வாடை கிடையாது. துவைத்த பிறகும் இழைகளுக்குள் தங்கிய பாக்டீரியா, துணி ஈரமாக இருக்கும் மணி நேரங்களில் வியர்வை, எண்ணெய் மிச்சங்களைத் தின்று வெளியேற்றும் கழிவின் வாடை அது. 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் முக்கியக் காரணி மோராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று கண்டார்கள். உலர்வதையும் புற ஊதாக் கதிரையும் தாங்கிப் பிழைக்கக்கூடிய ஆள் அது. அதனால்தான் வாடை பிடித்த துண்டை ஒருநாள் வெயிலில் போட்டாலும் அடுத்த முறை முகம் துடைக்கும்போது மறுபடி கிளம்புகிறது.

எப்போது வாடை வருகிறது என்று கவனித்தால் மருந்து தெரிந்துவிடும்.

மெஷினிலிருந்து எடுக்கும்போதே வாடை என்றால் மெஷினைப் பாருங்கள். கதவின் ரப்பர் வளையத்தை விரலால் விரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஒரு வழவழப்பு இருக்கும். சோப்புத்தூள் போடும் டிராயரைக் கழற்றினாலும் அதேதான். தேய்த்துக் கழுவி, துணி போடாமல் வெந்நீரில் ஒரு சுற்று ஓடவிடுங்கள். துவைத்து முடிந்ததும் மூடியைத் திறந்தே வையுங்கள். மெஷின் நின்ற பிறகு துணியை உள்ளேயே மணிக்கணக்கில் விட்டுவைப்பதும் இதே வகைதான். வேலைக்குப் போகும்போது மெஷினைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், நீங்கள் திரும்பும் நேரத்தில் முடியும்படி டைமரை வையுங்கள்.

எடுக்கும்போது வாடை இல்லை, காய்ந்த பிறகு இருக்கிறது என்றால் காய்வதற்கு அதிக நேரம் எடுத்திருக்கிறது. மேலே சொன்ன பிழிவதும் காற்றும்தான் இதற்கு மருந்து, வேறு எதையும் வாங்க வேண்டாம். ஐந்தாறு மணி நேரத்துக்குள் காய்ந்த துணியில் இந்த வாடையை நான் பார்த்ததே இல்லை.

காய்ந்த பிறகும் இல்லை, மறுபடி ஈரம் பட்டால் மட்டும் வருகிறது என்றால் பாக்டீரியா குடியேறிவிட்டது. துண்டுகளில்தான் இது அதிகம். பருத்தித் துணி, சாயம் போகாது என்றால் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் துவைத்தால் அடங்கும். வெப்பமானி தேவையில்லை. கொதிக்கும் தண்ணீரும் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் சம அளவில் கலந்தால் 60-ஐ ஒட்டி வந்துவிடும். முதலில் வாளியில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் கொதிநீர், கடைசியில் துணி. கையை விட்டுக் கிளறாமல் குச்சியால் அமுக்குங்கள். வெந்நீர் தாங்காத வண்ணத் துணிக்கு ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள் நல்லது. வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில், 40 டிகிரிக்கு மேல்தான் அது சரியாக வேலை செய்யும். கம்பளிக்கும் பட்டுக்கும் அதைப் போடாதீர்கள். வெள்ளைத் துணிக்குக் குளோரின் பிளீச் போடுவதானால் ஒரே எச்சரிக்கை: அதோடு வினிகரையோ எலுமிச்சையையோ குளியலறை ஆசிட்டையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது விளையாட்டில்லை.

இங்கே பலரும் செய்யும் தப்பு, வாடைக்காகச் சோப்புத்தூளையும் வாசனைத் திரவத்தையும் கூட்டிப் போடுவது. துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை எடுத்துச் சுத்தமான தண்ணீரில் அமுக்கிப் பிசைந்து பாருங்கள். நுரை வந்தால் அது அலசிப் போகாத சோப்பு. அந்தப் பிசுக்கு இழைகளுக்கு நடுவே தங்கி அழுக்கைப் பிடித்து வைக்கிறது. துணி மென்மையாக்கும் திரவமும் இழைமேல் படலம் போடும், துண்டு தண்ணீர் உறிஞ்சுவது குறையும். சோப்பைக் குறையுங்கள், ஓர் அலசல் கூட்டுங்கள்.

அழுக்குக் கூடையையும் பார்த்துவிடுங்கள். வியர்வையில் நனைந்த பனியனைச் சுருட்டிக் கூடையின் அடியில் போட்டால், துவைப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும், பாக்டீரியாவின் வேலை. கூடையின் விளிம்பில் விரித்துப் போடுங்கள், காய்ந்த பிறகு உள்ளே தள்ளலாம்.

துணியில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால் அது வாடை அல்ல, பூஞ்சணம். ஆக்சிஜன் பிளீச்சில் ஊறவைத்தால் மங்கும். பழையது என்றால் முழுக்கப் போகாது.

காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர், சுவரில் கறுப்பு

துணி நன்றாகவே காய்ந்திருக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு பல மாதம் கண்ணில் படாது. துணியை விட்டுப் போன தண்ணீர் வீட்டை விட்டுப் போகவில்லை. அறையிலேயே குளிர்ந்திருக்கும் பரப்பைத் தேடிப் போய் அங்கே துளியாகிறது: முதலில் கண்ணாடி, அடுத்து வெளிச்சுவரின் மூலை, அப்புறம் அலமாரிக்குப் பின்னால்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. துணி காயப்போடும் ஸ்டாண்டைப் படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைப்போம், கண்ணுக்குத் தெரியாமல் அழகாக இருக்கும் என்று. இரண்டு மாதம் கழித்து ஏதோ தேட பீரோவை நகர்த்தினால், சுவரில் முழங்கை உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு படலம். பீரோவின் முதுகுப் பலகையும் உப்பிப் போயிருந்தது. துணி அத்தனையும் வேளாவேளைக்குக் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு வாங்கியதுதான் ஈரப்பதமானி. சின்ன டிஜிட்டல் வகையே போதும். 60 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. துணி போட்ட ஒன்றிரண்டு மணி நேரம் மேலே ஏறும், பரவாயில்லை. 70-ஐத் தாண்டி அங்கேயே மணிக்கணக்கில் நிற்கிறது என்றால், அந்த அறையில் அவ்வளவு துணி தாங்காது. துணியைக் குறையுங்கள், இல்லை காற்றுக்கு வழி விடுங்கள். அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் சுவரைவிட்டு நான்கு விரல் தள்ளி வையுங்கள். காலையில் கண்ணாடியில் தண்ணீர் இருந்தால் துடைத்து, அந்தத் துணியைக் கழுவுதொட்டியில் பிழியுங்கள். சும்மா விட்டால் பத்து மணிக்கு அதுவே மறுபடி ஆவியாகி உங்களிடமே வரும்.

சமையலறையில் காயப்போட்டால் அடுப்புச் சூட்டில் சீக்கிரம் காயும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சிலிண்டர் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி தனி. ஈரத்தைக் கொண்டுபோய் ஈரத்தில் வைக்கிறோம். போதாததற்குத் தீப்பிடிக்கும் ஆபத்து. அடுப்புக்கு மேலே கொடி கட்டவே கட்டாதீர்கள்.

பூஞ்சணத்தைக் காய்ந்த துடைப்பத்தாலோ பிரஷாலோ சுரண்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரை நன்றாக உலரவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் தூங்கும் அறையில் துணி காயப்போட வேண்டாம். இதில் இடம் இல்லை என்ற சமாதானம் செல்லாது. கூடத்தில் போடுங்கள், நடக்க இடைஞ்சலாக இருந்தாலும் சரி.

துண்டு அட்டை மாதிரி விறைக்கிறது

அசையாத காற்றில் காய்ந்தால் பருத்தி நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். கொடியில் போடும் முன் துண்டை இரு முனையில் பிடித்துப் பத்து முறை ‘பட்’டென்று உதறுங்கள், பாதி காய்ந்ததும் இன்னொரு தரம். ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டே காய்ந்தால் விறைப்பு பெரும்பாலும் வராது. உப்புத் தண்ணீர் என்றால் சோப்பும் காரணம், அலசலைக் கூட்டிப் பாருங்கள்.

கொடி தொய்கிறது, ஸ்டாண்டு சாய்கிறது

கொடி தொய்ந்தால் துணியெல்லாம் சறுக்கி நடுவில் கூடிவிடும், இடைவெளி போய்விடும். கயிற்றில் ஒரு சாண் இடைவெளியில் முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு முடிச்சு ஒரு ஹேங்கர் மாட்டினால் நகராது. சுவரில் மாட்டும்போது வெறும் ஆணி வேண்டாம். ஐந்து கிலோ துணி ஈரத்தோடு ஒன்பது கிலோ வரும், இழுத்துக் கட்டிய கொடியின் இரு முனைகளிலும் விழும் இழுப்பு அதைவிடப் பல மடங்கு. பிளக் வைத்த ஸ்குரூ கொக்கிதான் நிற்கும். மின்சாரக் குழாயிலோ ஃபேன் கொக்கியிலோ கயிறு கட்டாதீர்கள்.

கூரையிலிருந்து கயிற்றில் ஏறி இறங்கும் கப்பிக் கொடி வைக்க முடிந்தால் சின்ன வீட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. தரை இடம் மிச்சம், மேலே காற்றும் கொஞ்சம் சூடாக இருக்கும்.

ஸ்டாண்டு சாய்வது பெரும்பாலும் கனத்த துணிகளை ஒரே பக்கம் போடுவதால். ஜீன்ஸும் போர்வையும் நடுவில், கீழ்க்கம்பியில். உள்ளாடையும் சாக்ஸும் ஓரத்தில்.

துணியில் துருக் கறை

கம்பியில் பூச்சு உரிந்த இடத்தில் ஈரம் பட்டிருக்கிறது. கம்பியில் அந்த இடத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் குழாயைக் கீறி மாட்டிவிடுங்கள். கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள். குளோரின் பிளீச் போட்டால் துரு இன்னும் பலமாகப் பிடித்துக்கொள்ளும்.

கரண்ட் பில் ஏறுகிறது

எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிடுவோம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் என்றால் கால் யூனிட்டுக்கும் கீழே. டேபிள் ஃபேன் 50 வாட், ஆறு மணி நேரத்துக்கு 0.3 யூனிட். டிஹியூமிடிஃபையர் 250 வாட் என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 2 யூனிட். 2000 வாட் ரூம் ஹீட்டர் அதே 2 யூனிட்டை ஒரே மணி நேரத்தில் விழுங்கிவிடும். அறை சூடாகும், ஆனால் தண்ணீர் வெளியேற வழி செய்யாமல் சூட்டை மட்டும் ஏற்றினால் கண்ணாடியிலும் சுவரிலும் போய்த்தான் நிற்கும். ஹீட்டரின் மேலேயே துணியை விரிப்பது தீ விபத்துக்கு அழைப்பு.

ஆக, பிழிவதும் ஃபேனும் ஜன்னலும் போதும் என்ற நிலையில் வேறெதுவும் வாங்காதீர்கள். வெளியே மாதக்கணக்கில் வெக்கையும் மழையுமாக இருந்து, வீட்டில் எக்ஸாஸ்டும் இல்லை என்றால் டிஹியூமிடிஃபையர் தன் காசுக்கு வேலை செய்யும். சின்ன அறையில், கதவைச் சாத்தி, துணியோடு சேர்த்து வைக்க வேண்டும். ராத்திரி எப்படியும் ஏசி போட்டுத் தூங்குகிறீர்கள் என்றால் ஸ்டாண்டை அந்த அறைக்கே நகர்த்துங்கள், ஏசி பிழியும் தண்ணீர் குழாய் வழியே தானாக வெளியே போகிறது. உப்புக் கட்டி, சிலிக்கா ஜெல், ஈரம் உறிஞ்சும் டப்பா எல்லாம் அலமாரிக்குத்தான் சரி. நான்கு லிட்டர் தண்ணீர் முன்னால் அவை நிற்காது.

செலவே இல்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது, யாருக்கும் பிடிக்காது: வாரத்துக்கு ஒருமுறை மலையாகத் துவைக்காமல், இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சமாகத் துவைப்பது. கால் பங்கு துணிக்குக் கால் பங்கு தண்ணீர். சின்ன வீட்டுக் காற்று அதைத் தாங்கும்.

நாளைக் காலை இந்தச் சட்டை வேண்டும், மணி இரவு பத்து

மெஷினில் துண்டு ஒன்றோடு இரண்டு முறை ஸ்பின். மெஷின் இல்லையென்றால் துண்டில் சுருட்டி இரண்டு முறை முறுக்கல், இரண்டாவது முறைக்கு வேறு காய்ந்த துண்டு. தடித்த ஹேங்கரில் மாட்டி, காலரைத் தூக்கிவிட்டு, பட்டனை எல்லாம் திறந்து, கைகளை உடம்போடு ஒட்டாமல் விரித்துக் கிளிப் போட்டு, டேபிள் ஃபேனுக்கு மூன்றடி தள்ளித் தனியாகத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் வேறு எந்த ஈரத் துணியும் வேண்டாம். காலையில் காலரும் கைப்பட்டியும் பட்டன் பட்டையும்தான் மிச்சம் ஈரமாக இருக்கும். உள்பக்கத்திலிருந்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, ஆவி எழுந்ததும் தூக்கி, மறுபடி அழுத்துங்கள். உடனே போட்டுக்கொள்ளாதீர்கள், சூட்டில் ஈரம் தெரியாது. இரண்டு நிமிடம் ஆறவிட்டு, காலர் மடிப்பை மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் நீங்கள் பல் தேய்த்துவிட்டு வரும்வரை ஃபேன் முன்னால் தொங்கட்டும்.